அரசாணையும் அகக்கட்டுப்பாடும்

மாமன்னர் அசோகர் முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்தபின் கலிங்கத்தை வென்றார். அப்போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர். ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். அதனால் பின்னர் மடிந்தவர்கள் இன்னும் பல மடங்கினர். இக்கணக்கை எழுதி வைத்தவர் பகைவரல்லர். மன்னரே தமது பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அதைப் பொறித்தார். வென்றவரின் உள்ளம் வருந்தியது.

மாற்றத்தை அவர் தம்மிடமிருந்தே தொடங்கினார். பத்து ஆண்டுகள் ஆனபோது வேட்டைப் பயணங்களைத் துறந்து, புத்தர் ஞானம் பெற்ற போதிகயைக்குச் சென்றார். எண்ணற்ற உயிர்கள் பலியான அரண்மனை மடைப்பள்ளியில், நாளொன்றுக்கு இரண்டு மயில்களும் ஒரு மானுமே கொல்லப்படும் நிலை வந்தது. மான்கூட எல்லா நாட்களிலும் இல்லை. இனி இவையும் நிற்கும் என்று அறிவித்தார். பூரணம் எய்தாத தம் முயற்சியை மறைக்காமல் கல்லில் வடித்தது உண்மையான சாதகனின் பண்பு. உணவு வேளையிலும் அந்தப்புரத்திலும்கூட மக்கள் காரியம் தம்மை வந்தடையலாம் என்றும் ஆணையிட்டார்.

குடிமக்கள் யாவரையும் தம் மக்களாகவே அவர் கருதினார். தந்தையுள்ளம் கொண்ட அரசன், அன்பின் பெயராலேயே அனைவரையும் ஆணையால் திருத்த விழைவது இயல்பு. அறத்தைக் கண்காணிக்கத் தர்ம மகாமாத்திரர்களை நியமித்தார். இருபத்தாறு ஆண்டுகள் ஆனபின், கொல்லலாகாத உயிரினங்களைப் பட்டியலிட்டார். குறிப்பிட்ட நாட்களில் மீன் பிடிப்பதையும் தடுத்தார்.

அடுத்த ஆண்டே, ஏழாம் தூண் கல்வெட்டில் தம் பணியைத் திரும்பிப் பார்த்தார். அறம் வளர்ந்தது இருவழிகளில்: ஒன்று நியமம், மற்றொன்று மக்கள் தாமே சிந்தித்துத் தெளிதல். இவற்றுள் நியமத்தின் பயன் சிறிது, தெளிவின் பயனே பெரிது என்பது அவர் கண்ட முடிவு. ஆணை கையைத் தடுக்கும், ஆசையைத் தடுக்காது. காவலன் அகன்றதும் கை மீண்டும் நீளும்.

எனினும் அவர் சட்டத்தைக் கைவிடவில்லை. மரண தண்டனையும் நீடித்தது. தீர்ப்புப் பெற்றோருக்கு மூன்று நாள் அவகாசம் மட்டுமே அளித்தார். பிறரைத் தீங்கிலிருந்து காக்கச் சட்டம் வேண்டும். மனத்தைத் தூய்மையாக்க அது போதாது.

விரதமும் ஜபமும் நாமே ஏற்கும்போதுதான் தவமாகின்றன. நம் நியமங்களை இல்லத்தார்மீது சுமத்த முனையும் வேளையில், தில்லியில் இன்றும் நிற்கும் அத்தூணை நினைவுகூர்வோமாக. பேரரசருக்கே இயலாததை நாம் அதட்டலால் சாதிக்க இயலுமா?