தானே ஒலித்த மணி

திருச்செந்தூர்க் கோவிலின் உச்சிவேளை மணியோசையைக் கேட்ட பிறகே பாஞ்சாலங்குறிச்சியில் வீரபாண்டிய கட்டபொம்மன் உணவருந்துவார் என்று நம் பகுதியில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு மணியின் ஓசை கேட்டதும் அடுத்த மணியை அடிக்க, வழிநெடுக மண்டபங்கள் கட்டி ஆள்களை நிறுத்தியிருந்தாராம். அடிக்க ஆளின்றித் தானே ஒலிக்கும் மணியோடு சீனப் பேரரசரின் அரண்மனைக்குச் சென்றவர் ஒருவர் உண்டு. அவர் இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சி.

1552இல் இத்தாலியின் மச்செராத்தாவில் பிறந்த இவர், உரோமையில் கணித அறிஞர் கிளாவியுசிடம் பயின்றார். 1578இல் கோவா வந்து, 1580இல் கொச்சியில் குருவானார். 1582இல் மக்காவ் சென்று சீன மொழி கற்கத் தொடங்கினார். 1589இல், தங்கியிருந்த நகரிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1598இல் பெய்ஜிங் வரை போயும் திரும்ப நேர்ந்தது. மீண்டும் புறப்பட்டபோது தியென்சினில் பல மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டார். தானே ஒலிக்கும் மணி எங்கே என்று பேரரசர் வான்லி கேட்டதால்தான் 1601இல் வழி திறந்தது.

ரிச்சி அளித்த கடிகாரங்கள் இரண்டு. சிறியது வில்சுருளால் இயங்கியது. பெரியது தொங்கும் எடையால் இயங்கியது. தடையின்றி விட்டால் அந்த எடை விரைந்து இறங்கிவிடும். சக்கரங்களும் சற்று நேரத்தில் சுழன்று ஓய்ந்துவிடும். எனவே அசைந்தாடும் ஒரு தண்டின் இரு தகடுகள் பற்சக்கரத்தை மாறி மாறித் தடுத்து, ஒவ்வொரு பல்லாக விடுவிக்கின்றன. அந்தத் தடுப்பின் ஓசையே நாம் கேட்கும் 'டிக் டிக்'. ஹைகன்சின் ஊசல் 1656இல் வந்து இதை மேலும் துல்லியமாக்கியது. இத்தகைய கடிகாரம் எதுவானாலும், விசையை அடக்கி அளவோடு விடுவதே காலம் காட்டும் இரகசியம்.

அரண்மனைப் பணியாளர் நால்வருக்குக் கடிகாரங்களை இயக்கக் கற்றுத்தந்த ரிச்சி, 1610 மே 11 அன்று பெய்ஜிங்கில் இறந்தார். அவரை அடக்கம் செய்யப் பேரரசரே நிலம் அளித்தார். பிற்காலத்தில் ஷாங்காய் கடிகாரத் தொழிலாளர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராகப் போற்றினர். 2022இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்திற்குரியவர் நிலைக்கு உயர்த்தினார்.

மக்காவ் முதல் அரண்மனை வரை அவருக்கு ஏறக்குறைய 19 ஆண்டுகள் ஆயின. அவரிடம் ஆர்வம் குறையவில்லை. அதை ஒரே நாளில் கொட்டித் தீர்க்கவும் இல்லை. நம் கரிசல் மண்ணும் பெய்த மழையை உள்ளே பிடித்து வைத்து, பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தருகிறது. தடைகள் வரும்போது நாம் சோர்ந்து நிற்கிறோமா, அல்லது ஒவ்வொரு பல்லாக முன்னே நகர்கிறோமா?