காந்தம் அளந்த கே. எஸ். கிருஷ்ணன்

மலாக்கா தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வளரும் மாணவமணிகளே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குவோர் சிலர். கீழே உட்கார்ந்து கைதட்டுவோர் பலர். கைதட்டும் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவர் விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன்.

தமிழ்நாட்டு வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர் இவர். கல்கத்தாவில் சி. வி. ராமனோடு சேர்ந்து உழைத்தார். புதுவகை ஒளிச்சிதறலை உலகுக்குச் சொன்ன 1928-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. ஆனால் 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது.

கிருஷ்ணன் சோர்ந்து உட்காரவில்லை. 1928-இலேயே டாக்கா பல்கலைக்கழகம் போயிருந்த அவர், படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தத்தின் நடுவே அவை எப்படித் திரும்புகின்றன என்று பொறுமையாக அளந்தார். ஒரே படிகத்தில் காந்தகுணம் திசைக்குத் திசை மாறுவதைத் துல்லியமாகக் கணக்கிட்டார். 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-இல் டெல்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1961-இல் மறைந்தார்.

அவர் உழைத்த காந்தத் துறை இன்று எங்கே வந்திருக்கிறது தெரியுமா? காந்தத்தின் அணுக்கள் நம் சபைகூடல் வரிசை மாதிரி. ஒரு பிள்ளை அசைந்தால் வரிசை முழுக்க அலை ஓடுமில்லையா? காந்தத்தில் ஓடும் அப்படிப்பட்ட அலைக்கு மேக்னான் என்று பெயர். டாக்காவில் கிருஷ்ணனோடு பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் வகுத்த கணக்குப்படி, மேக்னான்கள் போதிய அளவு திரண்டால் ஒரே நிலைக்கு வந்துவிடும், எல்லாரும் ஒரே சுருதியில் நெகாராகூ பாடுவது போல. 2006-இல் ஜெர்மனியில் இதைச் சாதாரண அறை வெப்பத்திலேயே கண்டார்கள்.

பரிசு வரும், வராமலும் போகும். கையிலெடுத்த வேலையை மட்டும் விட்டுடாதீங்க, பிள்ளைகளே!