ஆயிரமாயிரம் ஏடுகளில் ஒரு பெயர்: டாக்டர் சுப்பாராவ் வரலாறு

யானைக்கால் நோய்க்கு மாத்திரை இருக்கிறது. கர்ப்பிணிப் பெண்களுக்கு டாக்டர்கள் போலிக் அமில மாத்திரை கொடுக்கிறார்கள். குழந்தைகளைக் கொல்லும் இரத்தப் புற்றுநோயை எதிர்க்கவும் மருந்து உண்டு.

இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே மனிதரின் உழைப்பு இருக்கிறது. அவர்தான் டாக்டர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

உலகத்துக்கு இவ்வளவும் கொடுத்த அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. வேலை செய்த கல்லூரியில் நிரந்தரப் பதவியும் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய கட்டுரை ஒன்றை மட்டும் உலகத்து விஞ்ஞானிகள் ஆயிரக்கணக்கான தடவை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அது எப்படி?

காசிக்கு ஓடிய சிறுவன்

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி, பீமவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். இன்று ஆந்திராவில் உள்ள அந்த ஊர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது.

தந்தை நோயாளி. வீட்டில் வறுமை. பையனுக்கோ படிப்பில் மனம் செல்லவில்லை. காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று ஒரு நாள் வீட்டை விட்டு ஓடிவிட்டான். அவனை வழியிலேயே பிடித்து, திரும்பக் கொண்டுவந்தார்கள். தாய் விடவில்லை. படித்தே தீரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் சுப்பாராவ் இரண்டு தடவை தோற்றார். மூன்றாவது தடவை, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. அதன் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி.

அந்த நாளில்தான் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. சகோதரர்கள் இருவர், எட்டே நாள் இடைவெளியில், ஒருவர் பின் ஒருவராக இறந்து போனார்கள். இருவரையும் கொண்டுபோனது ஒரே நோய். ஸ்புரூ என்ற வயிற்றுப்போக்கு நோய் அது. உண்ட உணவு உடம்பில் ஒட்டாது. இரத்தம் வற்றி, ஆள் துரும்பாகிவிடுவார். அன்று அதற்கு மருந்து கிடையாது.

கதர் அங்கியால் வந்த வினை

காந்தியடிகளின் சுதேசி இயக்கம் நடந்த காலம் அது. சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முடிவில் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அரசாங்க மருத்துவ வேலைக்கு வழியில்லை. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு ஆசிரியராக அமர்ந்தார். ஆராய்ச்சி ஆசை மட்டும் அவரை விடவில்லை. மாமனாரின் உதவியோடும், ஒரு தர்ம ஸ்தாபனத்தின் உதவியோடும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். அந்தத் தம்பதி மறுபடி சந்திக்கவே இல்லை.

பாஸ்டன் நகரத்தில் ஹார்வார்டு சர்வகலாசாலையில் படிப்பு. கையில் காசில்லை. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலச் சட்டிகளைக் கழுவும் வேலை பார்த்தார். பகலில் ஆராய்ச்சிக் கூடம். டாக்டருக்குப் படித்தவர் இந்த வேலையைச் செய்வதா என்று அவர் கூசவில்லை.

நீல நிறம் சொன்ன ரகசியம்

ஹார்வார்டில் சைரஸ் பிஸ்க் என்ற பேராசிரியரிடம் அவர் வேலைக்குச் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சுலபமாக அளக்க ஒரு வழி தேவைப்பட்டது. இருவரும் அதைக் கண்டுபிடித்து 1925இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

வழி எளிமையானது. பாஸ்பேட் உள்ள திரவத்தில் அமிலமும் மாலிப்டினம் உப்பும் சேர்க்கவேண்டும். பிறகு இன்னொரு ரசாயனப் பொருளைச் சேர்த்தால் நீல நிறம் உண்டாகும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று கணக்கு. அவ்வளவுதான்!

அடுத்து தசையைச் சோதித்தார்கள். அங்கே ஒரு விந்தை. நீலம் வழக்கம்போல் வரவில்லை. மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனது. ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைத் தன்னுள் பிடித்து வைத்திருந்து, சிறிது சிறிதாக விடுவதாகத் தெரிந்தது. வேறொருவராக இருந்தால் பிழை என்று கொட்டியிருப்பார். இவர்கள் அதைத் துருவினார்கள். 1927இல் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் அகப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்திலும் இதன் தடயத்தைக் கண்டார்கள்.

1929இல் இன்னும் பெரிய வெற்றி. ஏ.டி.பி. என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதே ஆண்டில் அதைக் கண்டார். நாம் கையைத் தூக்குகிறோம், இருதயம் துடிக்கிறது, குழந்தை சிரிக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் சக்தி கொடுப்பது இந்த ஏ.டி.பி.தான். உயிருள்ள ஒவ்வொரு அணுவிலும் செல்லும் நாணயம் அது.

மறைந்த உழைப்பு

1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் பதவி உயரவில்லை. விஞ்ஞான உலகத்தில் ஒருவருடைய சொத்து, அவர் வெளியிட்ட கட்டுரைகளே. கட்டுரை வந்தால் பெயர் வரும். பெயர் வந்தால் பதவி வரும். கண்டுபிடித்ததை வெளியிடாவிட்டால், கண்டுபிடிக்காததற்குச் சமம்.

அவரோடு ஹார்வார்டில் வேலை செய்தவர் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ். 1988இல் நோபல் பரிசு பெற்றவர். சுப்பாராவ் அன்றே பிரித்தெடுத்த சில பொருள்களை, பல ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க நேர்ந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த வேலை வெளிச்சத்துக்கு வராமல் போனதற்கு பிஸ்கின் பொறாமையே காரணமாக இருக்கலாம் என்பது ஹிச்சிங்ஸின் கருத்து.

சுப்பாராவோ இதைப் பற்றிச் சண்டை போடவில்லை. 1940இல் ஹார்வார்டை விட்டு, நியூயார்க் மாகாணத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். விரைவில் ஆராய்ச்சித் தலைவரானார்.

எட்டு ஆண்டில் எத்தனை மருந்து!

1945இல் அவருடைய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. இது ஸ்புரூ நோயைக் குணப்படுத்தியது. ஆம், சகோதரர்களைக் கொண்டுபோன அதே நோய்! அந்தக் கட்டுரையில் தலைவரின் பெயர் பலருடைய பெயர்களுக்கு நடுவே ஒன்றாக நிற்கிறது.

போலிக் அமிலம் உடம்பில் அணுக்கள் பெருக உதவுகிறது. அப்படியானால், அதைப் போலவே தோற்றம் காட்டி ஏமாற்றும் ஒரு பொருளைக் கொடுத்தால்? புற்றுநோய் அணுக்கள் பெருகாமல் தடைப்படுமே! லெடர்லி குழுவினர் அப்படிப்பட்ட பொருள்களைத் தயாரித்தார்கள். பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற டாக்டர், அவற்றில் அமினோப்டெரின் என்பதை இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. சில காலமே நீடித்தாலும், அதுவரை யாரும் காணாத முன்னேற்றம் அது. 1948இல் வெளிவந்த அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியோர் வரிசையில் சுப்பாராவ் பெயர் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்ஸேட் மருந்தைப் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் இன்றும் கொடுக்கிறார்கள்.

1947இல் யானைக்கால் நோய்க்கு ஹெட்ரஸான் மருந்து வந்தது. இந்திய அரசாங்கம் 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை இதுதான்.

எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவர நிபுணர், லெடர்லி கூடத்தில் மண்ணிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தைக் கண்டெடுத்தார். பல வகைக் கிருமிகளைக் கொல்லும் மருந்து அது. 1948இல் அது வெளியானபோது, கட்டுரை டக்கரின் பெயரில் மட்டுமே வந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், உறங்கப்போன சுப்பாராவ் விழிக்கவில்லை. மாரடைப்பு. வயது 53.

கணக்குப் புத்தகம் திறந்தது

ஒரு விஞ்ஞானி கட்டுரை எழுதினால், தான் யார் யாருடைய ஆராய்ச்சியைப் பயன்படுத்தினார் என்று கடைசியில் பட்டியல் கொடுக்கவேண்டும். வாங்கிய கடனைச் சபையில் ஒப்புக்கொள்வது போன்றது அது. 1964இல் அமெரிக்காவில் யூஜின் கார்பீல்டு என்பவர் இந்தப் பட்டியல்களை எல்லாம் திரட்டி, எந்தக் கட்டுரையை எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்று கணக்கெடுக்கும் பெரிய நூலைத் தொடங்கினார்.

கணக்கைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். சுப்பாராவ் இறந்து பல ஆண்டுகள் ஆகியும், 1925ஆம் ஆண்டுக் கட்டுரையை ஆயிரக்கணக்கானோர் குறிப்பிட்டிருந்தார்கள். உலகில் மிக அதிகமாகக் குறிப்பிடப்பட்ட கட்டுரைகளின் வரிசையில் அதுவும் இடம் பெற்றது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. பாஸ்பரஸ் அளந்தவர் ஒவ்வொருவரும் அந்த முறையைக் கண்டவர் பெயரை எழுதினார். ஏ.டி.பி.யோ பள்ளிப் பாடமாகிவிட்டது. அதைக் கண்டவர் யார் என்று எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. நடந்து செல்பவன் பாதை போட்டவன் பெயரைக் கேட்பதில்லை அல்லவா? வரிசையில் முதலிடம் பெற்றதும் ஓர் அளவைக் கட்டுரைதான். புரதத்தை அளக்க லௌரி என்பவர் 1951இல் எழுதியது அது.

ஆகவே, எத்தனை தடவை பெயர் வந்தது என்பது உபயோகத்தைச் சொல்லும். பெருமை முழுவதையும் சொல்லாது. அமினோப்டெரின் கட்டுரையில் பெயர் இல்லை. பிழைத்த குழந்தைக்கு அந்தக் கவலையும் இல்லை.

1953இல் லெடர்லியில் ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசஸ் என்று பெயர் சூட்டினார்கள். 1995இல், நூற்றாண்டு நினைவாக, இந்திய அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது.

நம் கல்லூரி மாணவர்கள் உயிர் வேதியியல் வகுப்பில் சோதனைக் குழாயில் அந்த நீல நிறத்தை வரவழைக்கிறார்கள். ரிக்கார்டு நோட்டில் முறையின் பெயரை எழுதுகிறார்கள்: பிஸ்க் – சுப்பாராவ் முறை. மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோற்றவரின் பெயர்தான் அது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!