சபைன் குன்றில் ஒரு கவிஞர்

புலவரும் புரவலரும் சேர்ந்து வாழ்ந்த காலங்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. கொடுத்தவர் பெருமை பெற்றார், கொண்டவர் பாடினார். கொண்டவர் தம் உரிமையை எவ்வளவு இழந்தார் என்பதைப் பாடியோர் சிலரே. கொடையை மகிழ்ந்து ஏற்று, அதன் சுவையை மறைக்காமல் துய்த்து, அதே வேளையில் தம்மை விற்றுவிடாமலும் வாழ இயலுமா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்க முயன்றவர் உரோமானியப் பெருங்கவிஞர் ஹோரேஸ். அவர் பெற்ற கொடை ஒரு மலைப்பண்ணை. அங்கு அவர் உண்டதும் உறங்கியதும்கூட இலக்கியமாயின.

இளமை

ஹோரேஸ் கி.மு. 65ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் தென்னித்தாலியின் வெனூசியா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். சிறு நிலமும், ஏல விற்பனைகளில் பணம் தண்டும் தொழிலும் அவருக்கு இருந்தன. உள்ளூர்ப் பள்ளி தம் மகனுக்குப் போதாது என்று கருதிய அத்தந்தை, மகனை உரோமுக்கே அழைத்துச் சென்றார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணையாக அடிமைகள் செல்வது வழக்கம். ஹோரேஸுக்குத் துணையாக ஆசிரியர்தோறும் சென்றவர் தந்தையே. பிற்காலத்தில் பெரியோர் அவையில் இருந்தபோதும் தம் பிறப்பை ஹோரேஸ் மறைத்ததில்லை. மறுமுறை பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரினும் அதே பெற்றோரையே கொள்வதாக எழுதினார்.

ஏதென்ஸில் மெய்யியல் பயின்றுகொண்டிருந்தபோது சீசரின் கொலையும் உள்நாட்டுப் போரும் வந்தன. புரூட்டஸின் படையில் சேர்ந்து கி.மு. 42இல் பிலிப்பிப் போரில் நின்றார், தோற்றார். கேடயத்தை எறிந்துவிட்டு ஓடியதைப் பின்னாளில் தாமே பாட்டில் ஒப்புக்கொண்டார். மன்னிப்புப் பெற்று ஊர் திரும்பியபோது தந்தையின் வீடும் நிலமும் கைவிட்டுப் போயிருந்தன. அரசுக் கருவூலத்தில் எழுத்தர் பணி ஒன்றைப் பெற்று வயிறு வளர்த்தார். வறுமையே தம்மைப் பாட்டெழுதத் துணியச் செய்தது என்பது அவர் கூற்று.

கவிஞர்களாகிய வர்ஜிலும் வேரியஸும் அவரை மீசெனாஸிடம் அறிமுகம் செய்தனர். மீசெனாஸ், பின்னாளில் அகஸ்டஸ் என்னும் பெயர் பெற்ற பேரரசரின் நெருங்கிய நண்பர், பெருஞ்செல்வர். முதற்சந்திப்பில் ஹோரேஸ் நாத் தடுமாறிச் சில சொற்களே பேசினார். ஒன்பது மாதம் கழித்து மீண்டும் அழைப்பு வந்தது. அந்நட்பு இருவர் வாழ்நாளளவும் நீண்டது. கி.மு. 33ஆம் ஆண்டளவில் சபைன் மலைநாட்டில் ஒரு பண்ணை ஹோரேஸுக்கு உரியதாயிற்று. அது மீசெனாஸின் கொடை என்றே அறிஞர் கொள்வர்.

மலைப்பண்ணை

உரோமுக்கு வடகிழக்கே, இன்று டிவோலி எனப்படும் ஊரையும் கடந்து, லிசென்சா என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே 1911 முதல் அகழ்ந்து காணப்பட்ட வீடே ஹோரேஸின் பண்ணைவீடு என்பது மரபு. தம் பண்ணையின் அமைப்பை அவரே ஒரு கடிதப்பாட்டில் தீட்டியுள்ளார். தொடர்ந்து செல்லும் குன்றுகளை நிழல் செறிந்த ஒரு பள்ளத்தாக்கு பிளக்கிறது. காலை வெயில் அதன் வலப்புறத்திலும் மாலை வெயில் இடப்புறத்திலும் விழுகிறது. ஓக் மரங்களின் கொட்டைகள் கால்நடைக்கு உணவும், அவற்றின் கிளைகள் உரியவருக்கு நிழலும் தருகின்றன. ஓர் ஆற்றுக்குப் பெயர் தரவல்ல ஊற்று ஒன்றும் அங்கு உண்டு. அதன் தண்ணீர் தலைக்கும் வயிற்றுக்கும் நல்லது என்கிறார்.

முப்பதைச் சற்றே கடந்த வயதில் கிட்டிய இவ்வாழ்வு முழு ஓய்வன்று. உரோமுக்கு வந்துவிட்டால் எழுத்தர்கள் அலுவல் உண்டு என்று தேடுவர். மீசெனாஸின் முத்திரை வாங்கித் தருமாறு ஒருவர் வேண்டுவார். அரசாங்கச் செய்தி அறிய வழியில் நிறுத்துவோர் பலர். அத்தகைய நாளில் அவர் நினைவு குன்றுக்குப் போகும். பழைய நூல்களும் உறக்கமும் வேலையற்ற பொழுதும் கண்முன் வரும். கூடவே, பன்றிக்கொழுப்பிட்டு வதக்கிய கீரையும் மொச்சைப் பயறும் வரும்.

பருவமும் உணவும்

ஹோரேஸின் உணவு எளியது. உரோமில் தனித்திருந்த நாளிலேயே லீக்ஸும் கொண்டைக்கடலையும் மெல்லிய மாவடையும் அவருக்கு இரவுணவாயின. கடவுளிடம் என்ன வேண்டுவது என்று எண்ணிய பாட்டொன்றில் ஆலிவும் சிக்கரிக் கீரையும், துத்தியினத்தைச் சேர்ந்த வழுவழுப்பான கீரையும் தமக்குப் போதும் என்றார்.

பனிக்காலத்தில் சொராக்டி மலை வெண்மையாக நிற்க, அடுப்பில் விறகை நிறையக் குவித்து, நான்காண்டு முதிர்ந்த சபைன் மதுவைச் சாடியிலிருந்து வார்ப்பது அவர் பாட்டிற் காணும் இன்பம். அந்த மது விலை உயர்ந்ததன்று. மீசெனாஸ் விருந்தாக வந்தபோதும், தாமே முத்திரையிட்டு வைத்த அம்மலிவு மதுவையே தருவதாக முன்கூட்டியே அறிவித்தார். டிசம்பர் 5ஆம் நாள் ஊர்த்தெய்வமாகிய பானஸுக்கு விழா. அன்று எருதுகளுக்கும் ஓய்வு. தம்மை வருத்திய மண்ணையே மும்முறை மிதித்து உழவன் கூத்தாடும் நாள் அது. கோடையில் குன்றின் நிழல். காட்டில் சிவந்த கார்னல் பழங்களும் பிளம் பழங்களும். விருந்தினர் வந்தால் கோழியோ ஆட்டுக்குட்டியோ போதும். பின்னர் உலர்ந்த திராட்சையும் கொட்டைகளும் அத்தியும் வைத்தால் நிறைவு என்று ஓர் உழவரின் வாய்மொழியாக ஒரு பாட்டில் விரித்துரைத்தார்.

இங்கேதான் நாட்டு எலி, நகரத்து எலி கதையையும் அவர் பாட்டாக்கினார். தாம் சேர்த்த பயறும் ஓட்சும் கடித்த கொழுப்புத் துண்டும் படைத்து நகர விருந்தினனைப் போற்றிய நாட்டு எலி, நகரத்தின் பெருவிருந்தில் நாய்களின் குரைப்புக் கேட்டு நடுங்கித் தன் வளைக்கே மீள்கிறது. அச்சமின்றி உண்பதே சுவை என்பது அக்கதையின் கருத்து.

ஏவலர் குரல்

எளிய உணவைப் புகழ்வது எளிது. அவ்வுணவை விளைவித்தோர் யார்? பண்ணையில் எட்டு அடிமைகள் உழைத்தனர். ஐந்து குத்தகைக் குடும்பங்களும் இருந்தன. அடிமையாயிருந்து விடுதலை பெற்றவரின் மகனாகப் பிறந்த கவிஞர், அடிமைகளை உடையவராக வாழ்ந்தார். இம்முரணை அவர் முற்றிலும் மறைக்கவில்லை. அடிமைகளுக்குப் பேச்சுரிமை கிட்டும் சாட்டர்னேலியா விழா நாளில் டேவஸ் என்னும் ஏவலன் தம்மை இடித்துரைப்பதாக ஒரு பாட்டை அவர் அமைத்தார். ஊரில் இருக்கையில் நாட்டுப்புறத்தையும், நாட்டுப்புறத்தில் இருக்கையில் ஊரையும் விரும்புகிறவர் தம் தலைவர் என்கிறான் டேவஸ். விருந்தழைப்பு இல்லாத நாளில் கீரையைப் புகழ்பவர், விளக்கேற்றும் நேரத்தில் மீசெனாஸிடமிருந்து அழைப்பு வந்ததும் எண்ணெய் எங்கே என்று கத்திக்கொண்டு ஓடுவதையும் சுட்டுகிறான். அப்படியானால் அடிமை யார்? இக்கேள்விக்கு விடையில்லை. சினந்த தலைவர், சபைன் பண்ணைக்கு ஒன்பதாம் கூலியாளாக அனுப்பிவிடுவதாக அவனை அச்சுறுத்துவதோடு பாட்டு முடிகிறது. தமக்கு இன்ப இடமானது ஏவலனுக்குத் தண்டனை இடம் என்பதை அவரே எழுதி வைத்தார்.

பண்ணைக் கண்காணிக்கு எழுதிய கடிதப்பாட்டிலும் இதுவே காணப்படுகிறது. உரோமின் உணவுக்கடைகளுக்கும் மதுக்கடைகளுக்கும் ஏங்கிய அவன், இம்மூலையில் திராட்சை விளைவதற்கு முன் மிளகும் சாம்பிராணியும் விளைந்துவிடும் என்று எள்ளினான். அம்மிளகு சேரநாட்டு மலைகளில் விளைந்து யவனர் கலங்களில் சென்ற பொருள். அகஸ்டஸ் காலத்தில் செங்கடல் துறையொன்றிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவை நோக்கிச் சென்றதாக ஸ்டிராபோ குறிக்கிறார். நடக்கவொண்ணாததற்கு உவமையாக அக்கண்காணி சொன்னது நம் மலைவிளைவு.

திருப்பித் தரும் துணிவு

ஒருமுறை ஐந்து நாள் தங்கிவருவதாகச் சொல்லி உரோமை விட்டுச் சென்றவர், ஆகஸ்டு மாதம் முழுதும் திரும்பவில்லை. முதல் அத்திப்பழம் கனியும் அப்பருவம் உரோமில் காய்ச்சலுக்கும் சாவுக்கும் உரியது. மீசெனாஸ் எதிர்பார்த்திருந்தார். ஹோரேஸ் எழுதிய மறுமொழி பணிவும் உறுதியும் கலந்தது. குளிர்காலம் வந்தால் கடலோரம் சென்று படிக்கப்போவதாகவும், வசந்தத்தில் முதல் தகைவிலான் குருவியோடு நண்பரைக் காண வருவதாகவும் அதில் தெரிவித்தார்.

அதே கடிதத்தில் ஒரு கதையும் சொன்னார். மெலிந்த சிறு நரி ஒன்று இடுக்கு வழியே தானியக் கூட்டில் நுழைந்தது. வயிறு புடைக்கத் தின்றபின் வெளியேற முடியவில்லை. மெலிந்து வந்த வழியே மெலிந்துதான் போகவேண்டும் என்றது அருகிருந்த மரநாய். இக்கதை தமக்குப் பொருந்துமாயின் பெற்ற அனைத்தையும் திருப்பித் தரத் தாம் ஆயத்தம் என்று எழுதினார். புடைத்த வயிற்றினராயும் எந்நாளும் மெலிய ஆயத்தமாயும் இருந்ததே அவர் கண்ட உரிமை எனலாம். மீசெனாஸ் அதை ஏற்றுக்கொண்டார், நட்பு முறியவில்லை.

அகஸ்டஸும் தம் கடிதங்களை எழுதும் செயலராக அவரை அழைத்தார். ஹோரேஸ் மறுத்தார். பேரரசர் சினவாமல், கவிஞரின் குட்டை உடலையும் பெருவயிற்றையும் கேலி செய்து கடிதம் எழுதினார். ஹோரேஸ் எதற்கும் வளையாதவர் என்பதும் மிகையே. அகஸ்டஸைப் பல இடங்களில் புகழ்ந்தார். கி.மு. 17இல் அரசு நடத்திய நூற்றாண்டுப் பெருவிழாவுக்குச் சிறுவரும் சிறுமியரும் பாட ஒரு வாழ்த்தும் இயற்றினார். பாட்டைக் கொடுத்தவர் பொழுதைக் கொடுக்கவில்லை என்பதே உண்மை.

நிறைவு

கி.மு. 8ஆம் ஆண்டு மீசெனாஸ் இறந்தார். ஹோரேஸைத் தம்மைப் போலவே எண்ணிக் காக்குமாறு அகஸ்டஸுக்கு இறுதி வேண்டுகோள் விடுத்திருந்தார். அவ்வாண்டு நவம்பர் 27ஆம் நாள் ஹோரேஸும் மறைந்தார்; வயது 56. நோய் திடீரென முற்றியதால் உயிலெழுத நேரமில்லை. அகஸ்டஸே தம் உரிமையர் என்று வாய்மொழியாகக் கூறினார். எஸ்குவிலின் குன்றில் மீசெனாஸின் கல்லறை அருகே அவரை அடக்கம் செய்தனர்.

திருப்பித் தருவதாக ஒருநாள் எழுதிய கொடை, கேட்பாரின்றியே அரசரின் கைக்குத் திரும்பியது. அந்தப் பண்ணையில் உண்ட கீரையும், வார்த்த மலிவு மதுவும், ஏவலன் கேட்ட கேள்வியும் மட்டும் அவர் பாட்டோடு தங்கிவிட்டன.