சேர் பற்றிக் கெடிஸ்

கட்டடக்கலையையும் சூழலையும் ஒருங்குவைத்துக் கற்கும் மேற்படிப்புக்கு வித்திட்டோருள் சேர் பற்றிக் கெடிஸ் என்பாரை நாம் மறத்தலாகாது. 1854 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திற் பிறந்த இவர், இலண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றும் பட்டம் யாதும் பெற்றாரல்லர். 1879 இல் மெக்சிக்கோவில் ஆராய்ச்சி செய்கையிற் சிலகாலம் பார்வை இழந்தார். நுணுக்குக்காட்டியை நெடிது நோக்க இயலாத கண்ணைப் பின்னர் ஊர்களின்பால் திருப்பினார். 1886 இல் மனைவியாருடன் எடின்பரோவின் நெருக்கடிமிக்க பழைய பகுதியிற் குடியேறி, அயலாரையும் துணைக்கொண்டு வீடுகளைச் செப்பனிட்டார்.

1914 இல் இந்தியாவுக்கு அனுப்பிய இவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள், எம்டன் தாக்கிய கப்பலோடு கடலில் மூழ்கின. சோர்ந்தாரல்லர்; நண்பர் துணையாற் புதியன திரட்டி 1915 இற் சென்னையிற் காட்டினார். அகன்ற நேர்வீதிகளுக்காகக் குடிமனைகளை இடிக்க முற்பட்ட நகரசபைகளுக்கு, ஊரை நடந்து ஆராய்ந்த பின்னரே திட்டம் வரைதல் வேண்டுமென்றும், பாழ்பட்ட சில வீடுகளை மட்டும் நீக்கினாற் பெரும்பாலும் போதுமென்றும் எடுத்துக்காட்டினார்.

1919 இற் பம்பாய்ச் சர்வகலாசாலையிற் சமூகவியற் பேராசிரியரானார். 1921 இல் நம் கொழும்பு மாநகருக்கும் திட்டம் வகுத்தார். 1932 இற் சேர் விருது பெற்று, அவ்வாண்டிலேயே பிரான்சில் மறைந்தார்.

பட்டம் பெறாத ஒருவர் பல்கலைக்கழகங்களுக்கு வழிகாட்டினார். இத்துறை பயிலப் புகும் நம் மாணாக்கர், கோடிழுக்குமுன் ஊரை நடந்து காண்பாராக.