கனவு கண்ட சிறுவன்

விழுப்புரத்தினின்றும் புதுவைக்குச் செல்லும் இருப்புப்பாதையிலே வளவனூர் ஒரு சிறு நிலையம். அவ்வூரிற் பிறந்த நாம் இளமையில் அந்நிலையத்தருகே நின்று, புதுவை வண்டியில் ஏறிச் சென்றால் வேறொரு செல்வ வாழ்வு கிட்டுமெனக் கனாக் கண்டதுண்டு. 1908-ஆம் ஆண்டில், ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பிப் புதுவை சென்ற ஓர் இளைஞரையும் அப்பாதையே தாங்கிச் சென்றது. அவரே சுப்பிரமணிய பாரதியார். அவரும் சிறுபருவத்திலே கனவு கண்டவர். அவர்தம் வரலாற்றை அந்நோக்கில் ஈண்டுச் சிறிது காண்போம்.

எட்டயபுரத்திலே சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மையாருக்கும் மகனாக 1882 டிசம்பர் 11-ஆம் நாள் பாரதியார் பிறந்தார். ஐந்தாம் அகவையில் அன்னையை இழந்தார். தந்தையாரோ மகன் கணிதமும் ஆங்கிலமும் கற்று மேனிலை எய்த வேண்டுமென விழைந்தார். தெருப்பிள்ளைகளோடு கூடி ஆடுவதையும் விலக்கினார். தனிமையுற்ற சிறுவனுக்குக் கவிதையே தோழனாயிற்று. பதினோராம் அகவையளவில் அரண்மனைப் புலவர் அவையிற் பாடிப் பாரதி என்னும் பட்டமும் பெற்றார். அதன்பின் எளிய வீடு சிறிதாகத் தோன்றுதல் இயல்பன்றோ?

ஆயின் அவ்வீட்டிலே கனவு கண்டவர் மைந்தர் மட்டும் அல்லர். தந்தையாரும் எட்டயபுரத்திற் பஞ்சாலை நிறுவிப் பொருளீட்டக் கருதினார். அம்முயற்சி முறிந்தது; கைப்பொருளும் அழிந்தது. 1897-இல் மாணவரான பாரதியார், தம் கல்விக்கு உதவி வேண்டி எட்டயபுரம் அரசருக்குச் செய்யுளால் விண்ணப்பம் விடுத்தார். மறுஆண்டிலே தந்தையார் மறைந்தார். ஆதரவற்ற மைந்தரைக் காசியில் வாழ்ந்த அத்தையார் தம் இல்லத்தே ஏற்றுக் கல்வி தொடரச் செய்தார்.

பின்னர்த் தாயகம் மீண்டு எட்டயபுரம் அரண்மனையிலேயே பணி புரிந்தார். முன்பு பட்டம் அளித்த அவ்விடத்தின் வாழ்வு அவருக்கு உவர்த்தது. 1904-இல் அதனைத் துறந்தார். 1910-இல் கனவு என்னும் தம் வரலாற்றைப் பாடியபோது, தம்மைக் கண்டித்து வளர்த்த தந்தையின் வறுமைத்துயரை எண்ணி உருகினார். தந்தையார் தந்த ஆங்கிலக் கல்வியை அந்நூலிற் கடிந்தாரேனும், தந்தையாரிடத்து அன்பில் குறைந்தாரல்லர். அந்த அன்பை நேரிற் கேட்டு மகிழத் தந்தையார் அப்போது உயிருடன் இல்லை. இதனை எண்ணுந்தோறும் நம் உள்ளம் கலங்குகின்றது.

புதுவையிற் பத்தாண்டு வறுமையைப் பகிர்ந்தவர் மனைவியார் செல்லம்மாள். உலைக்கு வைத்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்தார் என்பர். அவர்தம் அருளுள்ளத்தை நாம் போற்றுகின்றோம். அன்றைய உணவுக்கு வழி தேடிய அம்மையாரை மறந்துவிடுகின்றோம். இது நேர்மையாகுமா?

1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது நிரம்புமுன்னரே பாரதியார் மறைந்தார். மறுஆண்டிற் கணவர் பாடல்களைச் சுதேச கீதங்கள் என வெளியிட முன்னின்றவரும் செல்லம்மாளே. 1949-இல், நம் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரினரான இராமசாமி ரெட்டியார் தலைமையில் இயங்கிய சென்னை மாகாண அரசு, அப்பாடல்களின் உரிமையைப் பெற்று நாட்டுக்குப் பொதுவாக்க முற்பட்டது. எட்டயபுரத்துச் சிறுவனின் கனவு இவ்வாறு தமிழர் அனைவரின் உடைமையாயிற்று.

கல்லூரி விடுதியில் வாழும் நம்மிற் சிலர், விடுமுறையில் நம் எளிய இல்லங்களை அடையும்போது சிறிது நாணுகின்றோம். அந்த நாணத்தை இவ்வாண்டே ஒழிப்போமாக. கனவு காண்பதில் இழுக்கில்லை. ஆயின் நாம் கனவு காணும் வேளையிலே நமக்காக அடுப்பெரிப்பவர் ஒருவர் உளர். கட்டணத்துக்குக் கடன் வாங்குபவர் ஒருவர் உளர். அவர்க்குச் சொல்ல வேண்டிய நன்றியை, அவர் கேட்கும் காலத்திலேயே சொல்லிவிடுவோமாக.