பெயர் எழுதச் சொன்ன ஓவிய ஆசிரியை

ஹிட்லரின் முகாமில் அடைபட்ட யூதக் குழந்தைகளுக்குப் படம் வரையக் கற்றுக் கொடுத்தவர், பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் அம்மையார்.

1898-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி வியன்னா நகரில் பிறந்தார். 4 வயதில் தாயை இழந்தார். தந்தை காகிதக் கடையில் வேலை பார்த்தார்.

1919-ல் ஜெர்மனிக்குச் சென்று, புகழ்பெற்ற பவுஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். ஓவியமும் நெசவும் கற்றார். வியன்னா திரும்பி, மேஜை நாற்காலி, வீட்டு அறைகள் ஆகியவற்றை வடிவமைக்கும் தொழில் நடத்தினார்.

1934-ல், கம்யூனிஸ்டு என்று கைது செய்யப்பட்டார். விடுதலையானதும் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகருக்குப் போனார். 1936-ல் பாவெல் பிராண்டைசை மணந்தார்.

நாஜிகளின் கொடுமை வளர்ந்தது. பாலஸ்தீனத்துக்குத் தப்பிச் செல்ல பிரீடலுக்கு அனுமதி கிடைத்தது. கணவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அவரும் போகவில்லை.

முகாமில்

1942 டிசம்பரில் இருவரும் டெரசின் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் கொண்டுபோகலாம். பிரீடல் தன் பங்கில் காகிதத்தையும் வர்ணங்களையும் சேர்த்துக்கொண்டார்.

முகாமில் பள்ளிக்கூடம் நடத்தத் தடை இருந்தது. படம் வரையத் தடை இல்லை. பசியோடு வந்த பிள்ளைகளை பிரீடல் உட்கார வைத்து வரையச் சொன்னார். காகிதம் தீர்ந்ததும், கழித்துப் போட்ட ஆபீஸ் பாரங்களில் வரைந்தார்கள். வீடு, பூ, வண்ணத்துப்பூச்சி என்று, முகாமில் இல்லாதவற்றை எல்லாம் வரைந்தார்கள்.

ஒவ்வொரு படத்திலும் வரைந்தவர் பெயரை எழுத வேண்டும் என்பது பிரீடலின் கண்டிப்பு. மனிதர்களை எண்களாக்கிய இடத்தில், பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதினார்கள்.

கடைசிப் பயணம்

1944 செப்டம்பரில் பாவெல், ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். கணவரைத் தேடி, தானும் போவதாக பிரீடல் பெயர் கொடுத்தார். அக்டோபர் 6-ந் தேதி ரெயில் ஏற்றப்பட்டார். 9-ந் தேதி, ஆஷ்விட்சில் விஷவாயுவால் கொல்லப்பட்டார். வயது 46. யாரைத் தேடிப் போனாரோ, அந்தக் கணவர் உயிர் தப்பினார்.

பிரீடல் புறப்படுமுன், சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டன. போர் முடிந்து, 1945-ல் அவை பிராக் நகருக்கு வந்து சேர்ந்தன. அங்குள்ள யூத அருங்காட்சியகம் அவற்றைப் பாதுகாத்து வருகிறது.

வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பலருக்குக் கல்லறையும் இல்லை. படத்தின் ஓரத்தில் எழுதிய பெயர் இருக்கிறது.